இருவாச்சி எண்ணெய்

தேவயானி கட்டிலை விட்டு இறங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு பிள்ளைகளும் ஆறாம் மாதத்திலேயே கைவிட்டுப் போனதால், இந்த முறை திருப்பதி டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். புத்தூர் பக்கத்து வெயிலில் நாளெல்லாம் ஜன்னலோரம் படுத்துக் கிடப்பவள் எதைத்தான் பார்ப்பாள்? கொல்லை மாமரத்தைப் பார்த்தாள்.

அந்த மரத்துப் பொந்துக்கு, மூக்கின் மேல் கொம்பு வைத்த ஒரு ஜோடி இருவாச்சிப் பறவை வந்தது. சித்திரையில் பெட்டை உள்ளே போய், எச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டது. மூக்கு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளரும்வரை அது வெளியே வராதாம், உள்ளேயே இறகெல்லாம் உதிர்ந்துவிடுமாம். எல்லாம் செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஆண்தான் நாளுக்கு இருபது நடை ஆலம்பழம் கொண்டுவந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டியது. அடடா, என்ன பொறுப்பு!

"உன்ன மாதிரியே ஒருத்தி உள்ள அடைஞ்சிக்கினு கீறா," என்று கேலி செய்தான் புருஷன் ஸ்ரீஹரி.

"அவ புருஷன் காலைல ஆறு மணிக்கு டாண்ணு வந்துடறான். நீ இன்னா பண்ற?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. இவளுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டான், மடையன்.

செவ்வாய்க்கிழமை ஆண் வரவில்லை. கீற்றில் மூக்கு நீண்டது, திறந்தது, மூடியது. மதியமும் வரவில்லை. தேவயானிக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் ஸ்ரீஹரி ஒரு சின்ன பாட்டிலோடு வந்து நின்றான். முகமெல்லாம் பெருமை.

"காளஹஸ்தில ஒருத்தரு காச்சிக் குடுத்தாரு. வயித்துல தடவுனா நோவே தெரியாம பிரசவம் ஆவுமாம்."

"இன்னா எண்ணெ?"

"கொம்பு மூக்குக் கொழுப்பு. நீதான சொன்ன, ஆறு மணிக்கு டாண்ணு வருதுன்னு? உண்டிவில்லால ஒரே அடி!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தான் சொன்ன சொல்லே அதைக் கொன்றது.

"அடப் பாவி மனுஷா! உள்ள கீறவளுக்கு இனிமே யாரு ஊட்டுவா?"

அவன் முகம் வெளுத்தது. "பொந்த ஒடச்சி உட்டுட்டா பறந்துடாதா?"

"எத வெச்சிப் பறக்கும்? றெக்கயே கொட்டிப் போச்சி!"

மறுநாள் விடிந்ததும் ஏணி போட்டு ஏறினான். ஆளைக் கண்டதும் மூக்கு உள்ளே போய்விட்டது. கீற்றில் வைத்த பழங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. உள்ளே குஞ்சின் குரல் மெலிசாகக் கேட்டது. ஜன்னலில் இருந்து பார்த்த தேவயானிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அந்தக் குரல் அடங்கினால் தன் பிள்ளையும் தங்காது என்ற பயம் அவளைக் கட்டிலை விட்டு இறக்கியது. அவன் தடுக்கத் தடுக்கக் கேட்காமல், மாங்காய் பறிக்கும் கழியின் நுனியைப் பிளந்து, பழத்தைச் செருகி, ஆடாமல் தூக்கிப் பிடித்தாள்.

வெகுநேரம் கழித்து மூக்கு வந்தது. பழத்தைக் கவ்வியது.

ஏழாவது பழத்தைத் தூக்கும்போது இடுப்பில் சுரீர் என்றது. கால்வழியாகத் தண்ணீர் இறங்கியது. எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா அலறிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஸ்ரீஹரி ஏறப் போனபோது தேவயானி அவன் கையில் கழியைத் திணித்தாள்.

"அக்கா வர்றாங்க. நீ இங்கயே இரு."

"உன்ன எப்பிடிம்மா தனியா உடறது?"

"அதையும் நீதான தனியா உட்ட?"

ஆட்டோ திரும்பும்போது பார்த்தாள். அவன் கழியைத் தூக்கியபடி நின்றான். கீற்றில் மூக்கு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் போனை விடவில்லை. "துன்னுச்சா?" என்று ஸ்ரீஹரியிடம் கேட்டாள்.

"இன்னும் இல்ல." அவன் அழுதுகொண்டிருந்தான். "உள்ள சத்தமும் கேக்கல, தேவயானி. கை உட்டுப் போவுது."

நோவு இன்னொரு முறை வந்து போகும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கழிய எறக்காத," என்றாள்.