முதலில் வெளியே வருபவருக்கு

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. என்னை எழுதச் சொன்னார்கள். ஹாஜரின் மகள் சுனாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அவள் வீட்டு அடுப்படியில் ரவை அல்வா கிளறிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் இறந்தவர் பேரில் அல்வா கிளறுவார்கள், கரண்டி கைமாறிக்கொண்டே இருக்கும். என் முறை வந்தபோது ஹாஜர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீதான் பத்திரிகைக்கெல்லாம் கதை எழுதுவியேக்கா. என் பொண்ணைப் பத்தி ஒண்ணு எழுது. கதையிலயாவது அவ நடக்கட்டும்."

சரி என்றேன். அந்த நேரத்தில் யார்தான் முடியாது என்பார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுனா இறந்துவிட்டாள். இரண்டு வயது முடிந்திருந்தது. அவள் நடக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இதைத் திடீரென்று அவிழ்த்து உங்களை அழவைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

சுனா ஒரு தேவதை –

வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையைப் பார்த்தால் எங்கள் ஊர் அதானாவில் கறிக்கடைக்காரர் முதல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரை எல்லோரும் தேவதை என்பார்கள். என் மகனையும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு வேறு சீட்டுக்கு மாறி உட்காருவார்கள். இந்தக் கதையில் அந்தச் சொல் இனி வராது.

ஆகஸ்டு வெயிலில் அதானா நகரம் –

அதானாவில் இருந்துகொண்டு வெயிலைப் பற்றி எழுதுகிறவருக்குச் சொல்ல வேறு விஷயம் இல்லை என்று அர்த்தம்.

ஹாஜர் ஒரு தலையணை உறையை எடுத்துக் கத்தரித்தாள் –

இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

3

மஞ்சள் பூப்போட்ட தலையணை உறை அது. அதில் சுனாவுக்கு ஒரு கால்சட்டை தைத்தாள். வழக்கமான கால்சட்டை இல்லை. இரண்டு தொடைப் பகுதியையும் முட்டிவரை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தது. தைக்கச் சொன்னவள் ஷெங்குல். எங்கள் பிள்ளைகள் போகும் பயிற்சி மையத்தில் அவள்தான் பிசியோதெரபிஸ்ட். நாங்கள் டீச்சர் என்போம்.

சுனாவைப் படுக்கவைத்தால் இரண்டு தொடையும் பக்கத்துக்கு ஒன்றாகத் தரையில் விழுந்துவிடும். இந்தப் பிள்ளைகளுக்குத் தசை தளர்வு, மூட்டும் நெகிழ்வு. அப்படியே விட்டால் காலை அகட்டி, முட்டியைப் பூட்டிக்கொண்டு எப்படியாவது நின்றுவிடுவார்கள். நடந்தும்விடுவார்கள். ஆனால் அந்த நடை பிறகு இடுப்பையும் பாதத்தையும் பாழாக்கிவிடும். "சீக்கிரம் நடக்க வைக்கிறது என் வேலை இல்ல ஹாஜர், நல்லா நடக்க வைக்கிறதுதான்" என்பாள் ஷெங்குல். தைத்த கால்சட்டை தொடைகளை அகலவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்குள் இருந்துகொண்டே சுனா தவழ வேண்டும், அம்மாவின் காலைத் தாண்டி ஏற வேண்டும், சோபாவைப் பிடித்து எழ வேண்டும்.

சுனாவுக்குப் பொம்மை பிடிக்காது. டீ கிளாஸில் கரண்டி கிணுங்கும் சத்தம்தான் பிடிக்கும். ஹாஜர் சோபாவின் மேல் கிளாஸை வைத்துக் கலக்குவாள். சுனா மூச்சிரைக்க அதை நோக்கி வருவாள். ஷெங்குல் அவள் காலைவிட உதட்டைத்தான் அதிகம் பார்ப்பாள். பிள்ளையின் இதயத்தில் ஓட்டை. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். உதடு லேசாக நீலம் பாரித்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு சரி.

(இந்த இடத்தில் வாசகர் நிம்மதியாக மூச்சு விடுவதற்கு ஒரு சிரிப்பு வைத்திருந்தேன். சுனா ஒருமுறை ஷெங்குலின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி டீயில் போட்டாள். நடந்ததுதான். ஆனாலும் இங்கே ஒட்டவில்லை, எடுத்துவிட்டேன்.)

4

ஒரு பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம். சுனாவின் அப்பா வெய்சல். முதல் பிரதியில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். மையத்துக்கு வருவான், மாடிக்கு வரமாட்டான், கீழே வண்டியிலேயே சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான். பெண் வாசகர்கள் அவனை நன்றாக வெறுத்திருப்பார்கள். பிறகு மனசு கேட்காமல் அவனிடமே கேட்டேன். "அவ அழுதா நான் தூக்கிட்டுப் போயிடுவேன். அதான் மேல வர்றதில்ல" என்றான். கெட்டவன் போய்விட்டான். கதைக்கு நஷ்டம்தான்.

அவன் அக்கா கெவ்செரும் கெட்டவளாக ஒத்துவரவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நடக்கத் தாமதமாகும் பிள்ளையின் கணுக்கால் இரண்டையும் நூலால் கட்டி, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலுக்குத் தூக்கிப் போவார்கள். தொழுகை முடிந்து முதலில் வெளியே வருகிற ஆள் அந்த நூலை வெட்ட வேண்டும். அதோடு பிள்ளையின் காலைப் பிடித்திருக்கிற ஏதோ ஒன்று விட்டுப்போகும்.*

தைத்த கால்சட்டையைப் பார்த்ததும் கெவ்செருக்கு அந்த நூல்தான் நினைவுக்கு வந்தது. "உங்க டீச்சருக்குக் கட்டத்தான் தெரியுது. வெட்ட யார் வருவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒருநாள் சுனா நின்றாள். கரண்டியை எட்டுவதற்காக இரண்டு கையையும் சோபாவிலிருந்து எடுத்துவிட்டு நின்றாள். கால்கள் இடுப்புக்கு நேர் கீழே இருந்தன. ஷெங்குல் ஹாஜரின் கையைப் பிடித்து அழுத்தினாள். இனி கால்சட்டை தேவைப்படாது என்றாள். கெவ்செர் விடுவாளா? தனியாக நூல் எதற்கு, வெள்ளிக்கிழமை அந்தத் தையலையே வெட்டட்டும் என்றாள். ஷெங்குல்கூடச் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள்.

வியாழக்கிழமை சுனாவுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த இதயத்தால் தாங்க முடியவில்லை.

* வெட்டுகிற ஆள் பிள்ளைக்கு உறவாக இருக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கியவராக, தெரிந்தவராகக்கூட இருக்கக் கூடாது. அம்மா கூடவே கூடாது. இந்த அடிக்குறிப்பை மறந்துவிடாதீர்கள்.

5

அல்வா கிளறும்போது கெவ்செர் அழுதுகொண்டே சொன்னாள்: "கட்டின காலோட பிள்ளைய அனுப்பிட்டோமே ஹாஜர்." தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். ஆனால் தைத்தது ஹாஜரின் கை. அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஆக, அவள் என்னிடம் கேட்டது கதையே இல்லை. தன் மகள் எங்கே இருந்தாலும் அங்கே கால் கட்டப்பட்டுக் கிடக்கவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். இமாம் சொல்லிப் பார்த்தார், அவள் கேட்கவில்லை.

6

முடிவு அ. ஹாஜருக்கு வாசித்துக் காட்டினேன். கரண்டிச் சத்தம் கேட்கிறது. சுனா சோபாவை விடுகிறாள். வலது காலை எடுத்து –

"வலதா?" என்றாள் ஹாஜர்.

நல்ல காரியத்துக்கு வலதுதானே என்றேன்.

"இல்லக்கா. எதுக்கும் அவ இடது காலைத்தான் முன்னாடி தள்ளுவா. இது வேற யாரோ பிள்ளை."

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இடது என்று திருத்தியிருக்கலாமே என்பீர்கள். திருத்தியிருந்தால் அடுத்த வரியில் அவள் வேறொன்றைக் கண்டுபிடித்திருப்பாள்.

முடிவு ஆ, ஷெங்குலுடையது. விஷயம் கேள்விப்பட்டுக் கோபமாகப் போன் செய்தாள். "அவ நடந்தான்னு எழுதாதீங்க. அவ நின்னா. அந்த இதயத்தோட, காலை அகட்டாம, எதையும் பிடிக்காம நின்னா. நடந்தான்னு எழுதினா அவ நின்னது பத்தலன்னு நீங்களே சொல்ற மாதிரி ஆயிடும்."

எனக்கு அது சரியாகப் பட்டது. ஹாஜர் என் வீட்டுக்கு வந்தபோது சொன்னேன்.

"நின்னதை நானும்தான் பாத்தேன். நின்னுட்டே இருக்கவாக்கா பெத்தேன்?"

அதுவும் சரிதான். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அப்போது என் மகன் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அவன் காலடிச் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. அவனை நிறுத்தச் சொல்லவும் முடியவில்லை, ஓட விடவும் முடியவில்லை.

அன்றைக்குப் போகும்போது ஹாஜர் பையிலிருந்து அந்தக் கால்சட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். துவைத்து மடித்திருந்தது. முட்டிப் பக்கம் தரையில் தேய்ந்து பூக்கள் வெளுத்திருந்தன. தையல் மட்டும் அப்படியே இருந்தது.

"நான் வெட்டக் கூடாது. நீயும் கூடாது, அவளைத் தூக்கினவ. அவளைத் தெரியாத ஆளா ஒருத்தர் வெட்டணும்."

7

யோசித்துப் பார்த்தேன். பிள்ளை இல்லாமல், வெறும் கால்சட்டையோடு பள்ளிவாசல் வாசலில் போய் நின்றால் யார் வெட்டுவார்கள்? அதானாவில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அவளைத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாது. (இவ்வளவு படித்த பிறகு தெரியும் என்று சொல்லாதீர்கள். நீங்கள் அவளைத் தூக்கியதில்லை. நீங்கள் பெண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, இந்தப் பள்ளிவாசலை எழுதுவது நான்தான்.)

வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்துவிட்டது. வாசல் படிக்குக் கீழே ஹாஜர் நிற்கிறாள். இடுப்பில் சுனா, மஞ்சள் பூப்போட்ட கால்சட்டையில். கெவ்செர் ஒரு டீ கிளாஸும் கரண்டியும் கொண்டுவந்திருக்கிறாள். வெய்சல் இன்று வண்டியை விட்டு இறங்கி வந்திருக்கிறான். பிள்ளையின் நெற்றி குளிர்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் அவளுக்குக் காய்ச்சல் எழுதவில்லை.

கதவு திறக்கிறது. முதலில் வெளியே வருவது நீங்கள்.

வெட்டினால் இந்த வரிக்குப் பிறகு இன்னொரு வரி வரும், அதற்குப் பிறகு இன்னொன்று. அவை எங்கே போய் முடியும் என்பதை முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டேன். வெட்டாவிட்டால் அவள் இப்படியே அம்மாவின் இடுப்பில் இருப்பாள், கால் கட்டியபடி, உயிரோடு. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டிருக்கமாட்டேன்.

ஹாஜர் கத்தரிக்கோலை நீட்டுகிறாள், பிடி உங்கள் பக்கமாக. கெவ்செர் கிளாஸில் கரண்டியைக் கலக்குகிறாள். சுனா சத்தம் வந்த பக்கம் திரும்பிவிட்டாள். தையலுக்குள் இடது கால் உந்துகிறது.