கெங்கம்மாவின் காவல்

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மயிலாப்பூரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய அந்தக் கோடையில், சாந்தோமுக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் ஒரு குடிசை எரிந்து சாம்பலானது. குண்டு எதுவும் விழவில்லை. எரித்தது கட்டுமரக்காரன் மண்ணாங்கட்டியின் பீடி.

பொழுது சாய்ந்தால் கடற்கரையில் பொட்டு வெளிச்சம் தெரியக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. இருட்டடிப்பைப் பார்க்க வரும் வார்டன்கள் பீடி நெருப்பைக்கூட விடமாட்டார்கள். அதனால் மண்ணாங்கட்டி, செத்துப்போன அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தட்டியை ஒட்டிக் குந்தி, உள்ளங்கையில் மறைத்துப் பீடி வலித்துக்கொண்டிருந்தான். விசில் சத்தம் கேட்டது. பீடித் துண்டைச் சுண்டி எறிந்துவிட்டு எழுந்து போனான். மிச்சத்தைக் கடல் காற்று பார்த்துக்கொண்டது.

அந்தக் குடிசையில் அவன் அண்ணி கெங்கம்மா தனியாக இருந்தாள். குடிசை போயிற்று, பரண் மேல் அடுக்கி வைத்திருந்த கருவாடு போயிற்று. புருஷனுடைய வலையையாவது இழுத்துப் போடலாம் என்று உள்ளே ஓடியதில் வலது கை முழங்கைவரை வெந்தது. வலையும் மிஞ்சவில்லை.

இதற்கு முன்பே இரண்டு பேருக்கும் ஆகாது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஓட்டிய கட்டுமரத்தை, அண்ணன் காய்ச்சலில் போனபிறகு மண்ணாங்கட்டி ஓட்டினான். மரம் தன் புருஷனுடையது என்றாள் அவள். கட்டைக்குக் கட்டை தானும் சேர்ந்து கட்டியது என்றான் இவன். அவன் பிடித்து வந்த மீனை அவள் கூடையில் போடவே மாட்டாள். வேறு மரத்து மீனை வாங்கித்தான் சாந்தோம் வீடுகளுக்குச் சுமந்து போய் விற்பாள். வழியில் எதிர்ப்பட்டால் மணலில் துப்பிவிட்டுப் போவாள்.

மறுநாள் காலையில் அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. குப்பத்துத் தலைவரான நாட்டார் முனியன் அதிகம் பேசாதவர்.

"குடிசைய நீதான் கட்டிக் குடுக்கணும். கட்டி முடிக்கிற வரிக்கும் மரம் கடலுக்குப் போவக் கூடாது. அதுவரிக்கும் உங்க அண்ணி உன் வூட்டுலதான் இருப்பா" என்றார்.

மண்ணாங்கட்டி தலையைக் குனிந்துகொண்டான். "சரி நாட்டாரே."

"இன்னியோட பீடிய வுட்டுடணும். அம்மன் மேல சத்தியம் பண்ணு. இனிமே உன் வாயில பீடி இருந்திச்சின்னு தெரிஞ்சா மரம் உங்க அண்ணிக்கு."

கூட்டத்தில் சலசலப்பு. குப்பத்தில் பீடி பிடிக்காத ஆம்பிளை யார் இருந்தார்கள்? மண்ணாங்கட்டி கற்பூரத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தான்.

"இவன் பீடி புடிக்காம யாரு பாத்துக்குவீங்க?" என்று நாட்டார் கேட்டார். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"நான் பாத்துக்கிறேன்" என்றாள் கெங்கம்மா. வெந்த கையில் எண்ணெய் தடவி வாழைக்குருத்தைச் சுற்றியிருந்தாள்.

"இவளா?" மண்ணாங்கட்டி கத்தினான். "மரத்து மேல கண்ணு இவளுக்கு! நான் பீடி புடிச்சேன்னு பொய் சொல்லிடுவா நாட்டாரே!"

"உன்ன மாட்டி வுட நான் பொய் வேற சொல்லணுமாடா? நாலு நாளு தாங்குவியா நீ? அப்பால நீயே வாயில பீடியோட வந்து நிப்ப."

கூட்டம் சிரித்தது. கற்பூரத்தின் மேல் செய்த சத்தியத்தைவிட அந்தச் சிரிப்புதான் மண்ணாங்கட்டியை அதிகம் சுட்டது. செத்தாலும் சரி, இவள் எதிரில் தோற்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

வீம்பு ஒருநாள் பொழுதுக்குக்கூடப் போதவில்லை. மீசை முளைக்கும் முன்னே பிடித்த பழக்கம். காலையில் பீடி இல்லாமல் வெளிக்குப் போகவே வரவில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. மண்டைக்குள் யாரோ உளி வைத்து அடிப்பதுபோல் இருந்தது. ஓலை முடையக் கை நிற்கவில்லை. அவன் மனைவி முத்தம்மா வறுத்த புளியங்கொட்டையைக் கொடுத்தாள். அதைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்ததுதான் மிச்சம்.

வாசல்படியில் கெங்கம்மா காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வெளியே போனால் கூடவே எழுந்து வந்தாள். திரும்பி வந்தால் இடுப்புத் துணியை உதறிக் காட்டச் சொன்னாள். கூரைச் செருகல், பானைக்கு அடி, கிழிந்த வலைக்குள், எல்லா இடத்திலும் கையை விட்டுத் துழாவினாள். வீட்டிலிருந்த தீப்பெட்டி அவள் மடிக்குப் போய்விட்டது. அடுப்பு மூட்டக்கூட முத்தம்மா அவளிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"இன்னாடா, கப்பல் கவுந்த மாரி ஒக்காந்துகினு கீற?" என்பாள்.

"என் வூட்டுல நான் எப்டி வேணா ஒக்காருவேன். உனுக்கின்னா?"

"உன் வூடா? என் வூட்டக் கொளுத்திட்டு உன் வூட்டப் பத்திப் பேசுறியா, கய்தே?"

அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொள்ளும். மரம், வலை, கல்யாணத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள், அண்ணன் சாவுக்கு யார் அழவில்லை என்று ஒன்றுவிடாமல் இழுப்பார்கள். முத்தம்மா வடித்த சோறு ஆறிப் போகும். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். தொண்டை கட்டி இரண்டு பேரும் ஓய்ந்த பிறகுதான் மண்ணாங்கட்டிக்கு உறைக்கும், இவ்வளவு நேரம் பீடி ஞாபகமே வரவில்லை என்று. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குள் ஒத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை.

முத்தம்மாவுக்கு இளகிய மனசு. ஒரு மத்தியானம் அவன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், எங்கேயோ ஒளித்து வைத்திருந்த பாதிப் பீடியை முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவன் கை அதைத் தொடும் முன் கெங்கம்மாவின் இடது கை குறுக்கே பாய்ந்தது. பீடி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து பிரிந்தது.

"அவுரு படுற பாட்டப் பாக்க முடியலக்கா" என்று முத்தம்மா அழுதாள்.

"பாக்க முடியலன்னா கண்ண மூடிக்கோ! எரிஞ்சது என் கை. அத நான் பாத்துக்கினுதான கீறேன்?"

அன்றே கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரத்தில் ஷரீஃப் வைத்திருந்த பெட்டிக்கடைக்குப் போனாள். "இந்தாய்யா, மண்ணாங்கட்டி கையில நீ பீடி குடுத்தன்னு காதுல வியுந்தா, அப்பால உன் கட மேல ஓல இருக்காது."

ஷரீஃப் பயந்துபோனான். "இன்னாம்மா இது, கடைக்குத் தீ வைப்பியா?"

"நான் எதுக்கு வைக்கணும்? அவன் ஒர்த்தன் போதாதா?"

கடை முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஷரீஃப் அவனைக் கண்டாலே பீடிக் கட்டை உள்ளே தள்ளிவிடுவான். ஆனால் கூடக் கடலுக்குப் போகிற ஆட்கள் சும்மா இருக்கவில்லை. அவன் குடிசைக்குக் கழி நட்டுக்கொண்டிருக்கும்போது காற்று வரும் பக்கமாக வந்து நின்று புகை ஊதினார்கள். "வாசன பாத்துக்கோ நைனா, அதுக்கு சத்தியம் பண்ணலியே" என்றார்கள். ஒருவனை மண்ணாங்கட்டி கழியாலேயே அடித்துவிட்டான். அடிபட்டவன் நாட்டாரிடம் போய் அழுதான். நாட்டார் மண்ணாங்கட்டியைத்தான் திட்டினார்.

அந்தத் திட்டோடு அவனுக்குப் பொறுமை விட்டுப் போயிற்று. கெங்கம்மா மீன் விற்கப் போயிருந்த நேரம். கழி கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கச்சேரி ரோட்டில் மேற்கே நடந்தான். குப்பத்து ஆள் ஒருவனும் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும். போகப் போகப் பூட்டிய வீடுகள். வாசல்களில் கோலம் இல்லை. கோயில் குளத்தைச் சுற்றிப் பாதிக் கடைகள் பலகை போட்டு மூடியிருந்தன.

லஸ் முனையில் டிராம் நின்றது. காக்கிச் சட்டை போட்ட பட்டாளத்துக்காரன் ஒருவன் ஏறும் அவசரத்தில் பாதி சிகரெட்டைத் தரையில் போட்டு மிதிக்காமல் ஏறிப் போனான். மண்ணாங்கட்டி நாலு பக்கமும் பார்த்துவிட்டு அதைப் பொறுக்கினான். அவசரத்தில் நெருப்பை விரலால் நசுக்கி அணைத்துவிட்டான். ஒரு ரிக்ஷாக்காரனைக் கெஞ்சி இரண்டு தீக்குச்சியும் பெட்டியிலிருந்து கிழித்த மருந்துப் பக்கமும் வாங்கிக்கொண்டு, பூட்டிய ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தான். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதை உரசி, கையைக் குவித்து, தலையைக் குனிந்தவன் எதிரில் இரண்டு கால்களைப் பார்த்தான். உப்புப் பூத்த, மண் படிந்த கால்கள்.

தலையில் கூடையோடு கெங்கம்மா நின்றிருந்தாள். மேல்மூச்சு வாங்கியது. வியாபாரம் முடிந்து வீட்டுக்குப் போனவளிடம் முத்தம்மா, அவர் மேற்கே போவதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். கூடையைக்கூட இறக்காமல் வந்திருந்தாள்.

மண்ணாங்கட்டிக்கு வெறி வந்தது.

"வா! இதுக்குத்தான காத்துக்கினு இருந்த? நல்லா கண்ணால பாரு. போயி நாட்டாராண்ட சொல்லு. மரத்த எடுத்துக்கோ. நான் ஒயிஞ்சேன்னு போ!"

குச்சி எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றிருந்தால் போதும், மரம் அவளுடையது. அவள் கூடையை இறக்கி, உள்ளே சட்டியில் மிச்சமிருந்த மீன் தண்ணியை அப்படியே அவன் முகத்தில் ஊற்றினாள். குச்சி அணைந்தது. சிகரெட் கூழாகி மடியில் விழுந்தது. மீன் செதில் மீசையில் ஒட்டிக்கொண்டது.

"ஏன் அணச்ச?" அவன் குரல் உடைந்துவிட்டது. "மரம் உனுக்கு வந்திருக்குமே! ஏன் அணச்ச?"

"வந்து? நான் ஓட்டுவனாடா அத? கூலிக்கு வுட்டா நல்ல மீனெல்லாம் ஓட்டுறவன் வூட்டுக்குப் போவும், மீன் தலதான் எனுக்கு வரும்." அவள் வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஓடி வந்ததில் புண் கசிந்திருந்தது. "உன்னக் கண்டாலே எனுக்கு வவுறு எரியுது. நீ நல்லா இருக்கணும்னு வந்தேன்னு நெனக்காத. ஆனா, தெருவுல எவனோ போட்ட எச்சியப் பொறுக்கிக்கினு, இந்தா எடுத்துக்கோன்னு பிச்ச போடுற பாரு, அப்டி அந்த மரம் எனுக்கு வேணாம். எனுக்கு வரவேண்டியத நான் சண்ட போட்டு வாங்கிக்குவேன். அதுக்கு நீ ஆம்பிளையா எதுக்க நிக்கணும். எந்திரி."

அவன் எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். குளத்தைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே அவள் கேட்டாள்.

"எப்பல்லாம் வருது?"

"இன்னாது?"

"அதான்டா. அந்த எழவு நெனப்பு."

"சாப்ட ஒடனே. வெடியக்காத்தால. கடல்லேர்ந்து வந்து மரத்த இஸ்துப் போட்டப்புறம்." மீசையில் ஒட்டியிருந்த செதிலைப் பிய்த்து எறிந்தான். "உன்னாண்ட சண்ட போட்டா கொஞ்ச நேரத்துக்கு வரமாட்டேங்குது."

அவள் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அப்ப வந்தா என்னாண்ட வா" என்றாள். "ஏசு. நானும் ஏசுறேன். எனுக்கு ஏச நெறைய கீது."

குடிசை எழும்பியது. பழையதைவிட உயரமான கூரை, புது ஓலை. கெங்கம்மா உள்ளே நுழைந்ததும் நடுக்கழி கோணல் என்றாள். கோணல் அவள் கண்ணில்தான் என்றான் அவன். முத்தம்மா பால் காய்ச்சி எடுத்து வந்தபோது இரண்டு பேரும் கழியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

மரம் மறுபடியும் கடலுக்குப் போனது. விடியலின் ஈரக்காற்றில் பக்கத்து மரங்களிலிருந்து பீடி நெருப்பு மினுக்கும்போது மண்ணாங்கட்டி கடல் தண்ணியை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வான். பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பு வலிப்பான். கரைக்கு வந்ததும் நேராக அண்ணி வாசலுக்குத்தான் போவான்.

"பங்கு கேக்குறியே, வல பின்ன வந்தியா நீ?" என்று ஆரம்பிப்பான்.

"எங்க உன் மீனு? காட்டு. தூ, இது மீனா? நாறுது." சொல்லிக்கொண்டே அந்த மீனை அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொள்வாள். எப்போதிலிருந்து அவன் மீனை விற்க ஆரம்பித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏசியிருப்பாள். பங்கு விஷயம் மட்டும் தீரவே இல்லை. அவள் அதிகம் கேட்டாள், அவன் குறைத்துக் கொடுத்தான், மறுநாளும் அதே சண்டை. சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டார் நாட்டாரிடம் போனார்கள். தினமும் எதற்குச் சண்டை என்று நாட்டார் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். "அவன கேளுங்க" என்றாள் அவள். "அவள கேளுங்க" என்றான் இவன்.

ஐப்பசி மழையில் கெங்கம்மா காய்ச்சலாகப் படுத்தாள். முத்தம்மா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். கடல் கொந்தளித்ததால் மரங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. வேலை இல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மண்ணாங்கட்டிக்கு, நாலாபக்கமும் புகை வாசனையாகவே வந்தது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் நாக்கு வறண்டு, கை தானாக இடுப்பைத் தடவியது. மழையில் நனைந்துகொண்டே அண்ணி வாசலில் போய் நின்றான்.

உள்ளே பாயில் அவள் சுருண்டிருந்தாள். கண் குழி விழுந்திருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள். "இன்னாடா, வந்துச்சா?"

"ஆமா."

மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "சோமாறி" என்றாள்.

அவன் காத்திருந்தான். மழை கூரையில் அடித்தது. "அவ்ளோதானா?"

"ஒடம்புல தெம்பில்ல. அங்கியே ஒக்காரு. மீதிய எந்திரிச்சி சொல்றேன்."

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். அவள் தூங்கிப்போனாள். இருட்டுகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பீடி பிடிக்காமல் வீட்டுக்குப் போனான்.