ஆற்றுப்பாலைக் குச்சிகள்

ராஜாமணிக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்றைக்குக் காலையிலேயே சிவந்துவிட்டது.

மொரப்பூர்ப் பெண், சென்னைக்குப் போய்த் தாவர சாஸ்திரம் படித்தவள். ஆண்பிள்ளைகள் யுத்தத்துக்குப் போய்விட்டதால்தான் பென்னாகரத்துப் பக்கம் சின்னாற்றங்கரைச் செடிகொடிகளைக் கணக்கெடுக்கும் வேலை அவளுக்கு வாய்த்தது. தண்ணீர் ஓரத்தில் கயிற்றைக் கட்டி மேட்டுக்கு இழுப்பாள். கயிற்றடியில் நிற்பதையெல்லாம் எழுதுவாள். கோரை, ஆற்றுப்பாலை, நீர்மருது என்று போனால் ஈர நிலம். ஊஞ்சையும் கள்ளியும் தொடங்கினால் மேடு. ஈர நிலத்து மரத்தில் கோடாலி படக்கூடாதென்று சர்க்கார் உத்தரவு. மேட்டு மரத்தை வெட்டிக் கரி சுடலாம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய காலம் அது. கரிக்கு அப்படியொரு கிராக்கி.

கட்டிப்பிடிக்கக் கை எட்டாத அந்த நீர்மருதுகள்மேல் காட்டிலாகா ரேஞ்சர் வெங்கடாசலத்துக்கு ரொம்ப நாளாகவே கண்.

"இங்க பாருங்கம்மா, மண்ணு எப்படிப் பொரியுதுன்னு. கால் நனையாத எடம் மேடுதான். அப்படியே எழுதிக் கையெழுத்த வச்சிட்டு ஊர் போய்ச் சேருங்க."

"மேல்மண்ணுதாங்க காஞ்சிருக்கு. அடியில ஈரம் இருக்குது. நீர்மருது நிக்கிற எடத்த மேடுன்னு நான் எழுத மாட்டேன்."

"வேல போயிரும்."

"போவட்டுங்க. பொய் எழுதித்தான் சோறு திங்கணும்னா அந்தச் சோறு எனக்கு வேணாம்."

திமிர் பிடித்தவள் என்று ரேஞ்சர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். பிடித்தவள்தான், அதற்கென்ன? அந்தத் திமிர் இல்லாவிட்டால் அத்தனை மரமும் அன்றைக்கே கரிமூட்டத்துக்குப் போயிருக்கும்.

பெரிய அதிகாரி நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வதென்று ஆயிற்று. அவர் வருவதற்குள் வெட்டவேண்டிய மரத்தடியிலெல்லாம் அடையாளக் குச்சி நட்டுவிடச் சொல்லி, பாரஸ்ட் கார்டு மாதேஸை ரேஞ்சர் முடுக்கினார். வழக்கமாக இதற்கு மேட்டுக்கு ஏறிக் காய்ந்த ஊஞ்சைக் கட்டையைக் கொண்டுவரவேண்டும். வெயிலில் எவன் ஏறுவான்? மாதேஸ் தண்ணீரோரம் நின்ற ஆற்றுப்பாலையில் பச்சைக் கொம்புகளை ஒடித்துச் சீவி, வரிசையாக அடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

ராஜாமணி வந்து குச்சிகளைப் பார்த்தாள். ஆற்றுப்பாலை, அடியில் ஈரமிருந்தால் துளிர்க்கும். இல்லாவிட்டால் விறகாகிவிடும். கருகிப்போனால் ரேஞ்சர் சொன்னதே மெய்யென்று ஆகிவிடும். மிச்சம் கிடந்த கொம்பு ஒன்றை எடுத்துப்போய், கள்ளிக்கு நடுவே மேட்டில் அவளே அடித்துவைத்தாள். பிறகு மழையே வேண்டாமென்று வேண்டிக்கொண்டாள். மழை பெய்தால் மேட்டுக் குச்சியும் துளிர்த்துத் தொலைக்குமே! அந்தத் தாலுகாவிலேயே மழை வேண்டாமென்று வேண்டியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அதிகாரி வர ஒரு மாதம் ஆயிற்று. சொட்டு மழை இல்லை. அதிகாரி வந்த அன்று மண் சுட்டுப் பொசுக்கியது.

"ரேஞ்சர் அனுப்பிய காகிதத்தில் மேடு என்று இருக்கிறது. நீ ஏன் மறுக்கிறாய்?" என்றார் அதிகாரி.

"நான் மறுக்கலீங்க. ரேஞ்சரய்யா நட்ட குச்சிங்கதான் மறுக்குது. வந்து பாருங்க."

முதலில் மேட்டுக்கு அழைத்துப்போனாள். கள்ளிக்கு நடுவில் நின்ற குச்சி, அவர் தொட்டதும் பொட்டென்று முறிந்தது. பிறகு நீர்மருது நிழலுக்கு இறங்கினார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் குச்சியின் தலையில் பச்சைப் பசேலென்று இலை. அதிகாரி ஒன்றை அசைத்துப் பிடுங்கினார். வெள்ளை வேரும், சொதசொதவென்று மண்ணும் கையோடு வந்தன. அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு மரத்தையும் தொடக்கூடாது" என்றார், ரேஞ்சரைப் பார்க்காமலே.

அவர் வண்டி ஏறியதும் ரேஞ்சர் மாதேஸிடம் சீறினார். "இந்தச் சனியனையெல்லாம் மொதல்ல புடுங்கி எறிடா!"

ராஜாமணி முதல் குச்சிக்கு முன்னால் போய் நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஒண்ணயும் தொடாத மாதேசு. இதுவும் இப்ப ஈர நெலத்து மரம். கோடாலி படக்கூடாதுன்னு உத்தரவு."

மாதேஸ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.