வனிதா டீச்சர் கொடுத்த புகார்

திருமயத்தில் நடந்த கபடிப் போட்டிக்குக் கிளம்பிய அன்று சத்யா வேனில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"வயித்த வலிக்குது டீச்சர். நான் வரல."

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அவள் பாடிப்போனால் எதிரணி சிதறும். அவள் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று மற்ற பிள்ளைகள் கெஞ்சிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடக் கேட்டின் கம்பியைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். அதட்டப் போன பி.டி. டீச்சர் வனிதா, அவள் கண் போன திசையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சத்யா பார்த்தது டீச்சரை அல்ல, ஓட்டுநர் இருக்கையை. அங்கே ஆனந்தராஜ் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

ஆனந்தராஜ் வனிதாவுக்கு வேற்றாள் இல்லை, பெரியப்பா மகன். கூடப் பிறந்தவன் இல்லாத வனிதாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட அண்ணன். துபாயிலிருந்து திரும்பி வந்து வேன் வாங்கி, பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் ஏற்றி இறக்கினான். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரானான். கபடிப் பிள்ளைகளுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுப்பதும், போட்டிக்கு வாடகை வாங்காமல் ஓட்டிப் போவதும் அவன்தான். ஆலங்குடி வட்டாரத்தில் அவனைப் பற்றித் தப்பாக ஒரு சொல் யாரும் சொன்னதில்லை.

முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். ஆனால் வனிதாவை உறுத்தியது அந்தத் தோல்வி இல்லை.

மறுநாள் காலைப் பயிற்சியில், ரைடு போய்த் திரும்பிய சத்யாவை ஒரு பிள்ளை பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். மூன்று பேர் பிடித்தாலும் சிரித்துக்கொண்டே இழுத்துப் போய்க் கோட்டைத் தொடுகிறவள், அன்று வீறிட்டுக் கத்தினாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தன் உடம்பை மூடிக்கொண்டாள்.

வனிதா மற்றவர்களை வகுப்புக்கு அனுப்பினாள். சத்யாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பிள்ளையே வாயைத் திறந்தது.

"எல்லாரையும் எறக்கி விட்டுட்டு என்னையக் கடைசியாத்தான் எறக்கி விடுவாரு டீச்சர். எங்க வீடுதான் கடைசி…"

அதற்குமேல் சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஆனாலும் வனிதாவுக்கு விளங்கிவிட்டது. கேட்ட ஒரு சொல்லையும் அவளால் சந்தேகப்பட முடியவில்லை. சந்தேகப்பட முடிந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"யார்ட்டயும் சொல்லாதீங்க டீச்சர். சத்தியம் பண்ணுங்க."

"பண்ண மாட்டேன்டா. பண்ணுனா அது பொய் சத்தியம். நான் சொல்லித்தான் ஆகணும்." வனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நீ எந்தத் தப்பும் பண்ணல. இனிமே நீ அந்த வேன்ல ஏற வேண்டியதில்ல. நான் ஒங்கூடயே இருப்பேன்."

தலைமையாசிரியை பிரகதீஸ்வரி கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சின்னப் புள்ள, எதையாச்சும் தப்பாப் புரிஞ்சிருக்கும். மொதல்ல ஆனந்தராஜக் கூப்பிட்டு நாமளே விசாரிப்போம் வனிதா."

"கூப்பிட்டா அவருக்குத் தெரிஞ்சு போகும் மேடம். அடுத்த நிமிசம் அந்தப் புள்ள வீட்டு வாசல்ல போயி நிப்பாரு. விசாரிக்கிறது போலீசு வேலை. தகவல் சொல்றதுதான் நம்ம வேலை."

"ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?"

"தப்பு நடந்திருக்கும்னு தெரிஞ்சாலே சொல்லணும்னு போக்சோ சட்டத்துல இருக்கு. ட்ரெய்னிங்ல நீங்களும்தான எம்பக்கத்துல ஒக்காந்திருந்தீங்க? சொல்லாம மறைச்சா நாமளும் குத்தவாளிதான். பொறுப்புல இருக்கவங்களுக்குத் தண்டன இன்னும் கூட."

பிரகதீஸ்வரிக்கு முகம் வெளிறியது. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய பயமும் பொய்ப் பயமில்லை. "ஸ்கூல் பேரு வெளிய வந்தா ஊருல ஒருத்தரும் பொம்பளப் புள்ளைகள அனுப்ப மாட்டாங்க. எத்தன வீடு ஏறி எறங்கி இந்தப் புள்ளைகளச் சேத்தேன்னு ஒங்களுக்கே தெரியும். ரெண்டு நாள் பொறுங்க, யோசிப்போம்."

"நாளைக்கும் அந்த வேன் ஓடும் மேடம்."

வனிதா கைபேசியை எடுத்துக் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழுத்தினாள். "நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?" என்று நீட்டினாள். பிரகதீஸ்வரியின் கை மேசையை விட்டு எழவில்லை. "பேரு சொல்லாமயும் சொல்லலாமாமே" என்று மட்டும் முணுமுணுத்தார்.

மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். "தகவல் சொல்றவங்க பேரு?" என்றாள்.

"வனிதா. இந்த ஸ்கூல்ல பி.டி. டீச்சர்."

"அந்த ஆள ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியும். எங்க அண்ணன்."

அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "சரிங்க மேடம், புள்ளையத் தனியா விட்டுறாதீங்க" என்றாள்.

போலீஸ் போய்ச் சொல்லித்தான் தாய்க்குத் தெரிய வேண்டுமா என்று வனிதாவுக்குத் தோன்றியது. சத்யாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, அவள் அம்மா பொன்னுத்தாய் வேலை பார்க்கும் முந்திரிக் கொட்டகைக்குப் போனாள். வறுத்த முந்திரியை உடைத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாயின் விரல்கள் கொட்டைப் பாலில் கறுத்துக் கிடந்தன. ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

பொன்னுத்தாய் முதலில் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம் டீச்சர். அவுக பெரிய எடம். இவ அப்பனும் இல்ல. நாளைக்கு இவள எவன் கட்டுவான்? கேக்காத மாதிரி விட்டுருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஒங்ககிட்ட அனுமதி கேக்க வரலைங்க. சொல்லிட்டேன். வேற யாரோ சொல்லி ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வந்தேன்."

"எங்கள அழிச்சுப்புட்டீகளே!"

திட்டட்டும் என்று வனிதா நின்றாள். பொன்னுத்தாய் திரும்பி, ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்ற மகளைப் பார்த்தாள். மெல்ல அவளிடம் போனாள்.

"எப்பத்துலருந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியிருந்தே ஆத்தா."

"எங்கிட்டக்கூடச் சொல்லலையே தாயி…"

"நீ அழுவேன்னுதான்."

பொன்னுத்தாய் அழுதாள். ஆனால் அழுகையோடே சாம்பலை அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு, "போவம் வாங்க டீச்சர்" என்றாள்.

மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் யூனிஃபார்ம் போடாமல், சாதாரணப் புடவையில் சத்யாவின் வீட்டுக்கே வந்தார். பாயில் உட்கார்ந்து, பிள்ளை சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார். அன்று சாயங்காலமே ஆனந்தராஜை அழைத்துப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பெரியம்மா காத்தாயி வனிதாவின் வாசலில் வந்து நின்றாள். தெருவே கூடிவிட்டது.

"ஏண்டி, ஒங்கண்ணன் ஒனக்கு என்னடி கொற வச்சான்? எதா இருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா? நான் அவனக் கண்டிச்சிருக்க மாட்டேனா?"

"கண்டிச்சு விடுற தப்பா பெரியம்மா அது?"

"ஊருக்கு முன்னால குடும்ப மானத்த வாங்கிட்டியே!"

"அந்தப் புள்ளைக்கும் மானம் இருக்கு பெரியம்மா. அதுக்கு யாரு வந்து வாசல்ல நின்னா?"

காத்தாயி ஒரு பிடி மண்ணை அள்ளி வீசிவிட்டுப் போனாள். வனிதா உள்ளே வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கணவன் முத்துராமன் காப்பி டம்ளரை அவள் முன்னால் வைத்தான். "இனிமே ஒங்க சனத்துல நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிட மாட்டாக, தெரியும்ல?"

"தெரியும்."

"சரி, குடி. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் வருகை பாதியாகக் குறைந்தது. பிரகதீஸ்வரி பயந்தபடிதான் நடந்தது. ஆனால் அவர் பயப்படாத ஒன்றும் நடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அவர் அறைக்கு வந்து, கதவருகே நின்று, தனக்கும் அப்படித்தான் நடந்தது என்று சொல்லி அழுதது. வனிதா விஷயம் கேட்டு ஓடி வந்தபோது, பிரகதீஸ்வரி அந்தப் பிள்ளையைத் தன்னோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணிட்டேன் வனிதா. நானே பண்ணிட்டேன். எம் பேரச் சொல்லித்தான் பண்ணேன்" என்றார். அன்று மாலையிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் திரும்ப அழைத்தார். இந்த முறை வனிதாவும் கூடப் போனாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். நிறையப் பேர் அனுப்பினார்கள்.

வழக்கு புதுக்கோட்டை நீதிமன்றத்துக்குப் போனது. வனிதா சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பாகப்பிரிவினைத் தகராறைத் தோண்டி எடுத்தார். "தென்னந்தோப்புப் பாகத்துல ஒங்க அப்பாவுக்கும் அவங்க அப்பாவுக்கும் பிரச்சனை இருந்துச்சு, இல்லியா?"

"இருந்துச்சுங்க. அது முடிஞ்சு போச்சு."

"அந்தக் கோவத்துலதான் அண்ணன் மேல பொய்ப் புகார் குடுத்தீங்க."

வனிதா ஆனந்தராஜை நேராகப் பார்த்தாள். அவன் தலை தாழ்ந்தது.

"எனக்கு இருந்தது ஒரே அண்ணன்ங்க. அவன எழந்துட்டுத்தான் இங்க நிக்கிறேன். தோப்புக்காக யாரும் அதச் செய்ய மாட்டாக."

தீர்ப்பு வர ஒரு வருஷத்துக்கு மேலானது. குற்றம் நிரூபணமானது. அவனைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனதை வனிதா பார்க்கவில்லை. நீதிமன்ற வாசல் மரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மறுபடி அந்தக் காலை வந்தால் மறுபடியும் அதே எண்ணைத்தான் அழுத்துவாள். அதில் மட்டும் சந்தேகமில்லை.

பொன்னுத்தாய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

"அன்னைக்கு ஒங்கள மனசுக்குள்ள எப்புடி வஞ்சேன் தெரியுமா டீச்சர்?"

"மனசுக்குள்ளயா? வெளியவே வஞ்சீங்க."

பொன்னுத்தாய் சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. டீயைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் ஆலங்குடி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள்.