ஓமகுண்டத்தடியில் ஒரு பட்ஜெட் கூட்டம்

பெற்ற மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் தரமாட்டேன் என்று சொன்ன தகப்பன் உலகத்திலேயே என் அத்தான் நித்தியானந்தன் ஒருவராகத்தான் இருப்பார். மாப்பிள்ளையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கவுன்சில் மண்டபத்தைத் திறந்து பூட்டிப் பராமரிக்கும் கெயார்டேக்கரே அவர்தான், அதுதான் சிக்கல்.

எந்தக் கவுன்சில் என்று கேட்காதீர்கள். லண்டனில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்விடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே இரண்டு கட்சிக்கும் சரிபாதி ஆசனங்கள். ஒருவர் பட்ஜெட்டைக் கொண்டுவந்தால் மற்றவர் விழுத்துவார். நத்தார்ப் பண்டிகை போய், பொங்கலும் போய், இழுபறி மட்டும் போகவில்லை. பட்ஜெட் நிறைவேறும்வரை வீண் செலவு கூடாதென்று மேலிடம் உத்தரவு போட்டது. மண்டபங்களுக்குச் சனி ஞாயிறு பூட்டு. ஹீட்டிங் இல்லை, ஓவர்டைம் இல்லை. மீறித் திறக்கிற ஊழியர் வேலையை மறந்துவிடலாம். சண்டை பிடித்தவர்கள் கோட்டுப் போட்ட பெரியவர்கள். குளிரில் நடுங்கியது நூலகத்துப் பிள்ளைகளும் குப்பை லொறிக்காரரும் என் அத்தானும்.

அவர் மகள் துஷ்யாவின் கல்யாணம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஐயர் முகூர்த்தம் குறித்து, கார்ட் அடித்து, மாப்பிள்ளை ஜதுசனின் ஆட்கள் பாரிஸில் பஸ்ஸும் பிடித்த பிறகுதான் இந்த உத்தரவு வந்தது.

அன்று நானும் அக்கா சுசிலா வீட்டுக் குசினியில்தான் இருந்தேன். அத்தான் தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“சுசிலா, உம்மட புக்கிங் கான்சல்.”

“என்ர புக்கிங்கோ? உங்கட மகளின்ர கலியாணமப்பா!”

“உம்மட பேரிலதான் புக் பண்ணிக் கிடக்கு. முறைப்படி அறிவிக்கிறது என்ர கடமை.”

அக்கா கையிலிருந்த அகப்பையைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். நல்லகாலம், அகப்பையைக் கழுவப் போட்டுவிட்டாள்.

வேறு மண்டபம் தேடி டூட்டிங்கிலிருந்து தோர்ண்டன் ஹீத் வரை அலைந்தோம். முகூர்த்த நாளில் எது வெறுமையாகக் கிடக்கப்போகிறது? “கதவுத் திறப்பு உங்கட பையிலதானே கிடக்கு அத்தான், சத்தமில்லாமல் திறந்துவிட்டால் என்ன?” என்று நான் கேட்டேன்.

“இவ்வளவு வருசமா ஒரு பிசகில்லாமல் செய்த வேலை, பிரதாபன். இது போனால் இந்த வயசில எனக்கு ஆர் வேலை தருவினம்?”

அத்தான் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அக்கா வாயை மூடுகிற சாதி இல்லை. அந்த உத்தரவை மகளைக் கொண்டு வரி வரியாக வாசிப்பித்தாள். கடைசியில் ஓட்டை ஒன்று கிடைத்தது. பட்ஜெட் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு மட்டும் எந்த நாளும் மண்டபம் திறக்கலாம். அந்தக் கூட்டங்களை கவுன்சில் நடத்தியே ஆகவேண்டும், ஆனால் ஈ காக்கை வருவதில்லை. கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர், அவரும் மழைக்கு ஒதுங்கியவர்.

“தமிழ்ச் சனத்துக்குப் பட்ஜெட்டில சரியான அக்கறை எண்டு எழுது,” என்றாள் துஷ்யாவிடம். “ஞாயிறு காலமை நானூறு பேர் வருவினம். கருத்துக் கூட்டம், கலாசார நிகழ்ச்சி, மத்தியானச் சாப்பாடு.”

“அம்மா, that's my wedding!”

“கலியாணம் கலாசாரமில்லையோ?”

நானூறு பேர் என்றதும் கவுன்சில் துள்ளி விழுந்தது. கூட்டத்துக்கு அனுமதி, இரு கட்சித் தலைவர்களும் நேரில் வருவார்கள், ஆனால் ஊழியர் யாரையும் அனுப்ப ஏலாது, ஏற்பாட்டாளரே திறப்பை வாங்கித் திறந்து, கூட்டித் துடைத்து ஒப்படைக்கவேண்டும் என்று பதில் வந்தது. அத்தான் அதை இரண்டு தரம் வாசித்து, சட்டத்தில் பிழையில்லை என்று கண்ட பிறகுதான் மூச்சு விட்டார். பிறகு அதே குசினியில் மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திறப்பைக் கொடுத்தார். “துலைச்சுப்போடாதேயும்” என்று எச்சரிக்கையும் செய்தார்.

ஞாயிறு வந்தது. தலைவர்களில் ஒருவர் நெட்டையர், மற்றவர் கண்ணாடி போட்ட அம்மணி. வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் வைத்து, கற்கண்டு கொடுத்து வரவேற்றோம். உள்ளே வந்து மணவறையைக் கண்டதும் இது என்ன கூட்டமென்று இருவருக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் நானூறு வாக்கு ஒரே இடத்தில் பட்டுடுத்திக்கொண்டு இருக்கும்போது எந்த அரசியல்வாதி எழும்பிப் போவார்? ஒருவர் போனால் மற்றவருக்கு வாய்ப்பாகிவிடும் என்று இருவரும் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள்.

மண்டபம் பனிக்கட்டிதான். அங்கே சூடு என்றால் ஓமகுண்டம் ஒன்றே. நெட்டையர் கதிரையை இழுத்து நெருப்புக்குக் கிட்டப் போட்டார். அம்மணியும் இழுத்தார். வருசக்கணக்கில் ஒரு மேசையில் இருக்க மறுத்தவர்கள், எங்கள் ஐயரின் நெய்ப் புகையில் தோளோடு தோள் முட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கூட்டம் என்று சொல்லிவிட்டோமே, பேச்சும் வேண்டும். அம்மணி சுருக்கமாக முடித்தார். நெட்டையர் மைக்கைப் பிடித்தவர் விடுகிற மாதிரித் தெரியவில்லை. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஜதுசன் கையில் தாலியோடு, முன்னே போவதா பின்னே போவதா என்று தெரியாமல் நின்றான். முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அந்த மனிசன், நூலகத்தை மூடவேண்டி வரலாம், முதியோர் சாப்பாட்டை வெட்டவேண்டி வரலாம் என்று அடுக்கத் தொடங்கினார்.

தாலி கட்டுகிற வேளையில் அபசகுனமான சொல் காதில் விழலாமோ? அதற்குத்தானே கெட்டிமேளமே வைத்திருக்கிறோம். அக்கா விரலை உயர்த்தினாள். தவில்காரர் இங்கிலீஷ் ஒரு சொல் அறியாத பாரிஸ்காரர், அக்காவின் விரலை மட்டும் அறிந்தவர். வெளுத்து வாங்கினார். நெட்டையரின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்த முழக்கத்தில் ஜதுசன் தாலியைக் கட்டி முடித்தான். நானூறு பேரும் அறுகரிசி தூவி வாழ்த்த, அது தன் பேச்சுக்குத்தான் என்று நெட்டையர் இரு கையும் கூப்பினார்.

சாப்பாடு முடிந்தது. எங்கள் ஆட்கள் கதிரைகளை மடித்து அடுக்கினார்கள். மாமிமார் மேசை துடைத்தார்கள். அத்தானுக்கு அந்தத் தரையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தால் நித்திரை வராது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டார். தடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை.

தலைவர்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“யார் அவர்?” என்று அம்மணி என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர்களின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கதிரை போட்டு, தேத்தண்ணி வைத்து, மறந்துவிட்டுப் போன குடையை ஓடிப்போய்க் கொடுத்த மனிசன். உங்கள் ஆள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கண்ணைக் காட்டினாள். ஓவர்டைம் இல்லாத நாளில் ஊழியர் வேலை செய்ததாக வந்தால் வீண் வம்பு.

“கல்யாணப் பொம்பிளையின் தகப்பன்,” என்றேன்.

இருவரும் நெகிழ்ந்துபோனார்கள். அத்தானை நடுவில் விட்டு, தும்புத்தடியோடு, இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தான் கூச்சத்தோடு சிரித்தார்.

அடுத்த கிழமை பட்ஜெட் நிறைவேறியது. எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்ததாம். நூலகம் தப்பியது, முதியோர் சாப்பாடு தப்பியது. இரண்டு கட்சியும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட விடயமும் ஒன்று இருந்தது. மண்டபங்களைச் சனங்களே திறந்து, சனங்களே கூட்டி, அழகாக வைத்திருக்கிறார்கள். அதைத் தாங்கள் கண்ணால் கண்டார்கள். ஆகவே கெயார்டேக்கர் வேலை இனித் தேவையில்லை.

அக்கா அன்று முழுக்க அழுதாள். “என்ர கெட்டித்தனத்தால வந்த வினை” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளையின்ர கலியாணம் வடிவா நடந்ததுதானே” என்றார். எனக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. அந்த நெட்டையருக்கு இரண்டாந்தரம் பாயசம் ஊற்றியவன் நான்தான் என்பது மட்டும் வயிற்றை எரித்தது.

கடைசி நாள் திறப்பை ஒப்படைக்க மூவரும் போனோம். மண்டப வாசலில் புதுப் போஸ்டர் ஒன்று. அத்தான் தும்புத்தடியோடு சிரிக்கிறார், இரண்டு பக்கமும் தலைவர்கள். கீழே பெரிய எழுத்தில், ‘இவரைப்போல் நீங்களும் முன்வாருங்கள். சம்பளமில்லாத் தொண்டர்கள் தேவை.’

அக்கா அதைக் கிழிக்கப் பாய்ந்தாள். அதற்குள் அத்தான் கிட்டப் போய்விட்டார். சட்டைப் பையிலிருந்து எப்போதும் வைத்திருக்கும் டேப்பை எடுத்து, போஸ்டரின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தார்.

“என்னப்பா செய்யிறியள்? கையை எடுங்கோ! இனி இது உங்கட வேலையில்லை.”

“சரிஞ்சு கிடக்குதப்பா,” என்றார் அத்தான்.