பிந்தி விழுந்த தட்டு

லுவெல்லாவைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் தேவாலயத்தின் அடித்தளத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பொரித்த கோழியும் கீரையும் ஆறிக்கொண்டிருந்தன. சமையலறை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. எண்பத்தெட்டாம் வருஷம் டெட்ராய்ட்டில் அதைப் போடாத கடை கிடையாது. பாடியவன் புதுசு; மெட்டு மட்டும் இருபது வருஷத்துப் பழசு.

"சத்தத்தக் கூட்டுங்கடி! எங்கக்கா கை தட்டின பாட்டு!" என்று கத்தினாள் ஹேட்டி, செத்தவளின் தங்கை. "அத்தான், இதுல அக்கா கை எது?"

லுவெல்லாவின் கணவர் ஆம்ப்ரோஸ் தன் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரும் லுவெல்லாவும் அறுபதுகளில் இந்த ஊர் ஒலிப்பதிவுக் கூடங்களில் பாட்டுக்குத் தாளமாகக் கூலிக்குக் கை தட்டியவர்கள். எந்த இசைத்தட்டிலும் பேர் வராது. போன வருஷம் பாட்டுப் பதிவு செய்யும் ஒரு தாடிக்காரன் தேடி வந்தான். மெஷின் தட்டினால் அதில் சதை இல்லையாம். பழைய ஆட்களின் கைதான் வேண்டுமாம். ஆம்ப்ரோஸுக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. லுவெல்லாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆளுக்கு ஒரு மைக், தனித்தனிப் பதிவு. அவளுக்குப் பக்கவாதம் வந்து தேறிய வலது கை. தாளத்தின் இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் விழ வேண்டிய தட்டு ஒரு மயிரிழை பிந்தியே விழுந்தது. முடிந்ததும் அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனாள். தாடிக்காரன் திரும்பப் போட்டுக் கேட்டான்.

"அம்மா கை கொஞ்சம் பிந்துது, பெரியவரே. ஆனா அதுதான் அழகு. இருக்கட்டுமா?"

கேலி பண்ணுகிறான் என்று நினைத்தார் ஆம்ப்ரோஸ்.

"எம் பொண்டாட்டி தாளம் தப்பிட்டாள்னு எவனும் சிரிக்கக் கூடாது. அழிச்சிடு."

"நிஜமாவா?"

"அழின்னா அழிடா."

அழித்தான். அவளிடம் இவர் சொல்லவில்லை.

பாட்டு வெளிவந்த பிறகு அவள் ரேடியோ பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். "கேளுய்யா, ஒண்ணு மட்டும் பிந்தி விழுதே, அது நான்தான். அப்படியே விட்டிருக்கான் பாரு, மகராசன்!" என்று சிரிப்பாள். இல்லாத தட்டு ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கேட்டது. இவர் "ம்" என்பார். அவள் சாகும்வரை அந்த ஒரு "ம்"தான்.

"அத்தான், உங்களத்தான்! எதுன்னு சொல்லுங்க."

பல்லவி வந்தது. அடித்தளமே கை தட்டியது. சின்ன வயசிலிருந்து தேவாலயத்தில் தட்டிப் பழகிய கைகள், ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆம்ப்ரோஸ் முள்கரண்டியை வைத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரு மயிரிழை பின்னால் தட்டினார்.

ஹேட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூலி வாங்கித் தட்டின மனுசன், இப்படியா தப்புறது?"

"இது நானில்ல, உங்கக்கா. பாட்டுல அவ கை இல்ல, ஹேட்டி. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

ஹேட்டியின் கைகள் நின்றன. பிறகு மற்றவர்களின் கைகளும். அவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து, ரேடியோவில் கார் விளம்பரம் தொடங்கிய பிறகு, கடைசித் தட்டு விழுந்தது.