வெய்க்கோவின் மீதிச் சிரிப்பு

வெய்க்கோ சிரித்துக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனான். பாதிச் சிரிப்பு வாய்வழியே வந்தது. மீதிப் பாதி அவன் சாய்ந்திருந்த காலி பீர் பீப்பாய்க்குள் தங்கிவிட்டது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், தாமிரச் சுரங்கம் மூடிப்போன கிவிலா என்ற ஊரில், நவம்பர் மான்வேட்டை முடிந்த மாலை அது நடந்தது. உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போன பாதிரியார் தன் செருப்பையே பிடித்து வந்த கதையை அவன் மனைவி ஐலி முப்பது வருஷமாகத் தங்கள் பாரில் சொல்லிவந்தாள். ஊரே சிரிக்கும், வெய்க்கோ மட்டும் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருப்பான். அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தான். அடக்கம் முடிந்து பாரைப் பெருக்கியபோது துடைப்பம் பீப்பாயில் பட்டது, உள்ளேயிருந்து அவன் சிரித்தான். ஐலி இன்னொரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, போய்க் காப்பி போட்டாள்.

அந்தப் பீப்பாயில் வந்தது எல்லாக் கடையிலும் கிடைக்கிற பீர் இல்லை. ஏரிக்கரைக் கொட்டகை ஒன்றில் இரண்டு சகோதரர்கள் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் இளந்தளிர் போட்டு வருஷத்துக்கு ஒருமுறை காய்ச்சும் கறுப்புப் பீர். அவர்களே ஊர் ஊராகப் போய் விற்க முடியாது. மொத்த வியாபாரியின் லாரிதான் கொண்டுபோக வேண்டும். ஊருக்கு ஒரு பீப்பாய், அவ்வளவுதான். பீப்பாய்களே கொஞ்சம் என்பதால், வசந்தத்தில் காலியைத் திருப்பித் தராத ஊருக்கு அடுத்த நவம்பரில் பீர் கிடையாது.

வசந்தத்தில் லாரிக்காரன் ஆர்மண்ட் வந்தான்.

"ஐலி, காலிப் பீப்பாயக் குடுங்க, நேரமாச்சு."

"அது காலின்னு யாருய்யா சொன்னது?"

ஆர்மண்ட் தட்டினான். சிரிப்பைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினான். "இத்தன வருஷம் எங்கிட்ட உம்முன்னு இருந்த மனுஷன், இப்பத்தான் வாயத் தொறக்கிறாரா?"

"கொண்டுபோனா கழுவுவாங்களா?"

"கொதிக்கக் கொதிக்க ஆவி விட்டுத்தான் கழுவுவாங்க. இல்லன்னா பீரு புளிச்சுரும். நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப வண்டிய எடு."

அந்த நவம்பரில் கிவிலாவுக்குக் கறுப்புப் பீர் வரவில்லை. வேட்டைக்காரர்கள் தொழிற்சாலைப் பீரைக் குடித்தார்கள். ஒருவரும் ஐலியைக் குறை சொல்லவில்லை. பழைய சுரங்கத் தொழிலாளி எய்னோ தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, "வயிறு சரியில்ல, அதான்" என்றார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அது. அந்தப் பொய்தான் ஐலியை அறுத்தது. வெய்க்கோ இருந்திருந்தால் ஊரை இப்படி நாக்கு வறள விட்டிருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பனி உருகியதும் பீப்பாயை அவனுடைய கம்பளிக் கோட்டில் சுற்றி, தானே லாரியில் ஏற்றினாள். கழுவினால் போய்விடும் என்று நம்பித்தான் ஏற்றினாள். அன்று முழுக்க அழுதாள், பாரைத் திறந்து வைத்துக்கொண்டே.

நவம்பரில் கிவிலாவுக்கு வேறொரு பீப்பாய் வந்தது. எய்னோவின் வயிறு சரியாகிவிட்டது. ஆனால் பக்கத்து ஊரில் முதல் தம்ளரைக் குடித்த தபால்காரி, வெய்க்கோவின் குரலில் சிரித்தாள். ஆர்மண்ட் அங்கிருந்தே ஐலிக்குப் போன் போட்டு, போனை அந்தச் சிரிப்புப் பக்கம் நீட்டினான். அதன்பின் அந்தச் சிரிப்பு வருஷம் ஓர் ஊருக்குப் போனது. பீப்பாய்கள் எல்லாம் ஒரே மாதிரி என்பதால் எது எங்கே போகும் என்று ஆர்மண்டுக்கே தெரியாது. பீர் எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டு, வெய்க்கோ இந்தத் தடவை எங்கே என்று ஊர்கள் கேட்க ஆரம்பித்தன. விலைவாசி ஏறியது, எய்னோ போய்ச் சேர்ந்தார், ஐலியின் தலை நரைத்தது. நவம்பர்தோறும் புதுப் பீப்பாயை ஒரு தட்டு தட்டுவாள். சத்தமில்லை என்றால் குழாயை மாட்டுவாள்.

ஒரு நவம்பரில் தட்டியதும் சிரித்தது. ஐலியின் பாரில் முதல் தம்ளர் லாரிக்காரனுக்கு என்பது வழக்கம். ஆர்மண்ட் அதை அவள் பக்கம் தள்ளினான். ஐலி குடித்துவிட்டு, நிரம்பியிருந்த பாரில் பாதிரியார் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். செருப்பு வந்த இடத்தில் ஊர் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே பீப்பாய் சிரித்துவிட்டது.

வசந்தத்தில் அவளே அதை லாரிக்கு உருட்டிப் போனாள். இந்தத் தடவை கம்பளிக் கோட்டு இல்லை.

"வேணும்னா வச்சுக்குங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்," என்றான் ஆர்மண்ட்.

"அடுத்த ஊருக்காரங்க காத்திருப்பாங்க," என்ற ஐலி பீப்பாயின் தலையில் தட்டினாள். "போற எடத்துல ஒழுங்கா நடந்துக்கய்யா."

பீப்பாய் சிரித்தது. ஆர்மண்ட் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான்.